எந்த மடை? எவ்வளவு? எப்போது?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அறிவியல் மன்றம்

ஐந்தருவியைப் பார்த்திராத தோழியர் நம் பள்ளியில் ஒருவரும் இரார். மேலே ஒரே ஓடையாக வரும் தண்ணீர் பாறையின் விளிம்பில் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. எந்தப் பிரிவில் எவ்வளவு விழவேண்டும் என்பதைப் பாறைதான் முடிவு செய்கிறது. மனிதர் சொல்லி அது கேட்பதில்லை. அதே தண்ணீர் கீழே இறங்கிச் சிற்றாற்றில் சேர்ந்து, அணைக்கட்டில் தேங்கி, வயலுக்குப் போகும்போது நிலைமை வேறு. அங்கே மடை உண்டு, மடைக்குப் பலகை உண்டு, பலகையைத் தூக்க ஆளும் உண்டு. அந்த ஆளிடம் "தண்ணீர் விடுங்கள்" என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது. எந்த மடை, எவ்வளவு, எப்போது என்று மூன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஒருவர் வயல் காயும், மற்றொருவர் வயல் அழுகும்.

இந்த ஆண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இந்த மூன்று கேள்விகள்தாம் அடிப்படை. பொருளின் பெயர் சற்று நீளமானது: பல வழி டிஜிட்டல்-அனலாக் மாற்றி. பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், தோழியரே. ஓம் விதி தெரிந்தால் போதும்; மற்றதெல்லாம் நம் வீட்டிலும் வகுப்பிலும் நாள்தோறும் நடப்பவையே.

கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே. நம் உலகமோ அப்படி இல்லை. விளக்கு மெல்ல மங்குகிறது, மோட்டார் மெதுவாக வேகமெடுக்கிறது, பாட்டு ஏறி இறங்குகிறது. எண்ணாக இருப்பதை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுப்பதே இந்த மாற்றியின் வேலை. இதைக் கடையில் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் என இரண்டே வகை மின்தடைகளை ஏணிபோல் இணைத்து நாங்களே ஒன்று செய்தோம். ஏணியின் நான்கு படிகளிலும் 5 வோல்ட்டோ 0 வோல்ட்டோ கொடுக்கலாம். 1011 என்று கொடுத்தால், அது நம் கணக்கில் 11. மொத்தம் 16 படிகள். ஆகவே 5 வோல்ட்டில் பதினாறில் பதினொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.44 வோல்ட் கிடைக்க வேண்டும். மல்டிமீட்டர் 3.4 காட்டியபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுதி முடியாது. நான்கு இலக்கம் கொடுத்தால் 16 படி, எட்டு கொடுத்தால் 256 படி, பன்னிரண்டு கொடுத்தால் 4096 படி. எல்லாச் சிப்புகளும் ஏணி முறையைப் பின்பற்றுவதில்லை. ஒரே அளவுள்ள மின்தடைகளை நீளத் தொடராக வைத்து, வேண்டிய இடத்தில் மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்பவையும் உண்டு.

இத்தகைய மாற்றிகள் நான்கோ எட்டோ பதினாறோ ஒரே சிப்பில் அடங்கியிருந்தால் அதுவே பல வழி மாற்றி. ஒவ்வொரு வழியையும் ஆங்கிலத்தில் சேனல் என்கிறார்கள். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயையும் கோடகன் கால்வாயையும்கூட ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் எழுதுகிறார்கள். ஆகையால் நாங்கள் மடை என்று சொல்வதில் பிழையேதும் இல்லை.

இப்போது சிக்கலுக்கு வருவோம். எட்டு மடை, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்கம் என்றால் 96 கம்பிகள் வேண்டும். விரல் நகத்தளவுள்ள சிப்பில் 96 கால்களை எங்கே வைப்பது? பழைய முறை ஒன்று உண்டு: எண்ணைக் கொண்டுபோகும் கம்பிகளை எல்லா மடைக்கும் பொதுவாக வைத்து, மடை எண்ணைச் சொல்ல மட்டும் தனியாகச் சில கம்பிகளை வைப்பார்கள். அப்போதும் பத்துப் பதினைந்து கம்பிகள் தேவைப்படும். அதனால்தான், எல்லா இலக்கத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பும் வழக்கம் வந்தது. படிக்கட்டில் எல்லோரும் முண்டியடிப்பதற்கு மாறாக வரிசையில் இறங்குவதைப் போன்றது இது.

அந்த வரிசை முறையில் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று மோட்டரோலா நிறுவனத்திலிருந்து வந்த எஸ்.பி.ஐ. தாளம் போடுவதற்கு ஒரு கம்பி, செய்திக்கு ஒரு கம்பி, "உன்னைத்தான்" என்று சுட்டுவதற்கு ஒரு கம்பி. மிக வேகமானது. ஆனால் சிப்புகள் கூடக் கூடச் சுட்டும் கம்பியும் கூடிக்கொண்டே போகும். இல்லையென்றால், கிணற்றிலிருந்து குடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுப்பதுபோல் ஒரு சிப் அடுத்த சிப்புக்குச் செய்தியைத் தள்ளிவிடும்படி கோக்க வேண்டும். வேறொரு குறையும் உண்டு: சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று இதில் தெரியாது.

மற்றொன்று 1982இல் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஐ-ஸ்கொயர்-சி. எங்களுக்கு இதுதான் அதிகம் பிடித்தது. இதற்கு இரண்டே கம்பிகள்: ஒன்று தாளத்துக்கு, ஒன்று செய்திக்கு. எத்தனை சிப் இருந்தாலும் எல்லாம் அந்த இரண்டில்தான் தொங்கும். பிறகு யாரைக் கூப்பிடுகிறோம் என்று எப்படித் தெரியும்? காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். சிஸ்டர் பெயரைக் கூப்பிடுகிறார். வகுப்பு முழுவதும் கேட்கிறது. பெயருக்குரியவள் மட்டுமே "உள்ளேன், சிஸ்டர்" என்கிறாள். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை (திறக்கக் கூடாது). இங்கும் அவ்வாறே. ஒவ்வொரு சிப்புக்கும் ஏழு இலக்கப் பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயர் கம்பியில் போனதும் உரிய சிப் "உள்ளேன்" என்கிறது.

எப்படிச் சொல்லும்? இரண்டு கம்பிகளும் ஒவ்வொரு மின்தடையின் வழியே எப்போதும் மேல்நிலையில் நிற்கின்றன. யாராவது இழுத்தால் மட்டும் கீழே வரும். கோயில் மணிக் கயிற்றைப் போல, யார் இழுத்தாலும் மணி ஒன்றே. எட்டு இலக்கம் அனுப்பியவுடன் அனுப்பியவர் கையை விட்டுவிட வேண்டும். ஒன்பதாவது தாளத்தில் கேட்டவர் கயிற்றை இழுத்தால், "கேட்டேன்" என்று பொருள். கயிறு அசையாவிட்டால் சிப் அங்கே இல்லை, அல்லது கம்பி கழன்றிருக்கிறது. எட்டு இலக்கத்துக்கு ஒருமுறை ஒரு பதில் கட்டாயம் வரவேண்டும் என்ற இந்த ஒழுங்கு எங்களை மிகவும் கவர்ந்தது.

நாங்கள் வைத்துப் பார்த்தது எம்.சி.பி. 4728 என்ற சிப். நான்கு மடை, ஒவ்வொன்றும் பன்னிரண்டு இலக்கம். சிப்பின் உள்ளேயே 2.048 வோல்ட் அளவுகோல் ஒன்று இருப்பதால் ஒரு படி சரியாக அரை மில்லி வோல்ட் ஆகிறது. 2000 என்று அனுப்பினால் 1 வோல்ட் வரவேண்டும். மூன்றாவது மடையில் 1 வோல்ட் வைக்கச் சொல்லும் செய்தி இதோ:

1100000 0 – 01000 10 1 – 1000 0111 – 1101 0000

முதல் ஏழு இலக்கம் சிப்பின் பெயர். அடுத்த 0, "எழுதப் போகிறேன்" என்பது. இரண்டாவது கட்டில் 01000 என்பது கட்டளையின் வகை. அதை அடுத்துள்ள 10 தான் 'எந்த மடை'. கணிப்பொறி சுழியத்திலிருந்து எண்ணுவதால் 00, 01, 10, 11 என்பவற்றில் 10 என்பது மூன்றாவது. மூன்றாவது கட்டின் முதல் நான்கு இலக்கம், உள்ளே இருக்கும் அளவுகோலைப் பயன்படுத்து என்பது போன்ற குறிப்புகள். மீதியிருக்கும் பன்னிரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படித்தால் 011111010000. இதுவே 2000, அதாவது 'எவ்வளவு'. விரும்பினால் கூட்டிப் பாருங்கள்: 1024, 512, 256, 128, 64, 16. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு "கேட்டேன்" சேர்த்து மொத்தம் 36 தாளம். விநாடிக்கு ஓர் இலட்சம் தாளம் போடும் சாதாரண வேகத்தில் 0.36 மில்லி விநாடியில் முடிந்துவிடும். சிப்பின் பெயரில் கடைசி மூன்று இலக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதே இரண்டு கம்பியில் எட்டுச் சிப்புகளை, அதாவது 32 மடைகளை ஆளலாம்.

இரண்டாவது கட்டின் கடைசி இலக்கத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். அது 0 ஆக இருந்தால் "இப்போதே திற" என்று பொருள். 1 ஆக இருந்தால் "எண்ணை வாங்கி வைத்துக்கொள், சொல்லும்போது திற" என்று பொருள். ஒரே ஓர் இலக்கம், அதுதான் 'எப்போது'.

இதற்கு ஏன் இத்தனை ஏற்பாடு? தேர்வு அறையில் வினாத்தாளைக் கவிழ்த்துக் கொடுப்பதன் காரணமே இதற்கும் காரணம். முதல் வரிசையில் இருப்பவளுக்கு முதலில் தாள் கிடைக்கிறது, கடைசி வரிசைக்குக் கடைசியில். ஆயினும் மணி அடித்த பின்புதான் எல்லோரும் புரட்டுகிறோம். சிப்பிலும் ஒவ்வொரு மடைக்கும் இரண்டு அறைகள் உண்டு. வந்த எண் முதல் அறையில் கவிழ்ந்து கிடக்கும். எல்டாக் என்ற காலைத் தரையோடு இணைத்தால் மணி அடித்ததுபோல. நான்கு எண்களும் ஒருமிக்க இரண்டாம் அறைக்குப் போகும், நான்கு மின்னழுத்தங்களும் ஒரே கணத்தில் மாறும். கண்ணாடிகளை அசைத்து லேசர் ஒளியால் சுவரில் படம் வரையும் கருவியில் ஒரு மடை இடம் வலமாகவும் மற்றொரு மடை மேல் கீழாகவும் ஒளியை நகர்த்தும். இரண்டும் ஒன்றாக மாறாவிட்டால் சாய்வுக் கோடு படிக்கட்டாகிவிடும்.

நாங்கள் லேசருக்குப் போகவில்லை. நான்கு சிறு சிவப்பு விளக்குகளை வைத்து, அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொரு மடைக்கும் செய்தி அனுப்பினோம். கடைசி இலக்கம் 0 ஆக இருந்தபோது விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. 1 ஆக மாற்றியபோது, இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் வகுப்புத் தங்கைகள் "என்ன அக்கா, ஃபியூஸ் போயிற்றா?" என்று கேலி செய்யத் தொடங்கியபோது எல்டாக் கம்பியைத் தரையில் தொட்டோம். நான்கும் ஒன்றாக எரிந்தன. இந்தச் சிப்பில் மற்றொரு நன்மையும் உண்டு. வேண்டிய எண்களை அதற்குள்ளேயே நிலையாக எழுதி வைத்துவிட்டால், மின்சாரம் போய் வந்தாலும் மறக்காமல் அங்கிருந்தே தொடங்கும். சாரல் காலத்தில் நம் ஊரில் மின்சாரம் படும் பாட்டை அறிந்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

எல்லா மடையையும் ஒன்றாகத் திறப்பதே சிறப்பு என்று நாங்கள் எண்ணியிருந்த வேளையில், ஒன்றாகத் திறக்கவே கூடாத இடம் ஒன்று இருப்பதை அறிந்தோம். அது வெகு தொலைவில் இல்லை. நம் பள்ளியின் தொடக்கப் பிரிவில், மூன்றாம் வகுப்பில் இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு சிறுமியின் காதுக்குப் பின்னால் ஒரு கருவியும், தலைமுடிக்குள் பொத்தான்போல் ஒரு வட்டமும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவளுடைய தாயார் அனுமதித்ததால் அதைப்பற்றி இங்கே எழுதுகிறோம். அது காது கேட்கும் கருவி என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது ஒலியைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியன்று. காக்ளியர் இம்பிளாண்ட் எனப்படும் பல வழி மாற்றி அது.

நம் உட்காதில் காக்ளியா என்ற நத்தைச் சுருள் இருக்கிறது. இரண்டரைச் சுற்று, விரித்தால் ஏறத்தாழ 35 மில்லி மீட்டர். கீச்சென்ற ஒலிகளுக்கு அதன் வாயிற்புறமும், கனத்த ஒலிகளுக்கு உள்நுனியும் அதிர்கின்றன. இந்த அதிர்வு அலையைக் கண்டு விளக்கியதற்காக பெகஷி என்ற அறிஞர் 1961இல் நோபல் பரிசு பெற்றார். அங்குள்ள நுண்ணிய மயிரிழைச் செல்கள் அதிர்வை நரம்புக்குச் சொல்கின்றன. அச்செல்கள் இல்லாமலோ அழிந்தோ போனால், எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பயனில்லை. நரம்பு மட்டும் உயிரோடிருந்தால், அதற்கு நேரே மின்சாரத்தால் சொல்லலாம்.

1961இல் லாஸ் ஏஞ்சல்சில் வில்லியம் ஹவுஸ் என்ற மருத்துவர் காதுக்குள் மின்கம்பி வைத்துப் பார்த்தார். அவர் பின்னர் வழங்கிய கருவியில் ஒரே ஒரு மடைதான். ஓசை இருக்கிறது, இல்லை என்பது தெரிந்தது, தாளம் தெரிந்தது, சொல் மட்டும் விளங்கவில்லை. 'கல்' என்பதும் 'பல்' என்பதும் ஒன்றாகவே ஒலித்தால் என்ன செய்வது? சுருளின் வெவ்வேறு இடங்களைத் தனித்தனியே தொட வேண்டும். 1977இல் வியன்னாவில் ஹொஃமைர் தம்பதியரும், 1978 ஆகஸ்டில் மெல்போர்னில் கிரேம் கிளார்க்கும் பல மடைக் கருவிகளைப் பொருத்தச் செய்தார்கள். கிளார்க்கின் தந்தையாருக்குக் காது மந்தம். வளைந்து செல்லும் சுருளுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்று திகைத்திருந்த அவர், கடற்கரையில் ஒரு சங்கை எடுத்து அதற்குள் புல்லின் தாளைச் செலுத்திப் பார்த்தாராம். அடி விறைப்பாகவும் நுனி துவளும்படியும் இருந்த தாள் தடையின்றி உள்ளே போனது.

இக்கருவியின் உட்பகுதி தோலுக்கு அடியில் இருக்கிறது. அதற்குக் கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை. தலையில் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. மின்சாரம், செய்தி இரண்டையும் அதுவே ரேடியோ அலையாகத் தோலின் வழியே உள்ளே அனுப்புகிறது. வட்டம் கழன்று விழுந்தால் அந்தக் கணமே மௌனம். செய்தியில் என்ன இருக்கிறது? எந்த மின்முனை, எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம். எங்கள் நான்கு விளக்குகளுக்கு அனுப்பியதன் உடன்பிறப்புத்தான். ஒரு வகைக் கருவியில் 22 மின்முனைகள் உண்டு. மின்னோட்டத்துக்கு 0 முதல் 255 வரை படிகள். "உள்ளேன்" என்ற பதிலும் உண்டு: இக்காலக் கருவிகள், மின்முனைகள் சரியாக இருக்கின்றனவா என்று உள்ளிருந்து வெளியே தெரிவிக்கின்றன.

மாறுவது 'எப்போது' என்பதில்தான். காக்ளியாவுக்குள் இருப்பது நீர்மம். இரண்டு மின்முனைகளை ஒரே நேரத்தில் இயக்கினால் மின்னோட்டங்கள் நடுவில் கலந்துவிடும். வரப்பில்லாத வயலில் இரண்டு மடைத் தண்ணீரும் கலப்பதுபோல. எது எந்த மடையின் நீர் என்று நரம்புக்குத் தெரியாது. ஆகவே 1991இல் பிளேக் வில்சன் என்ற அமெரிக்கர் தம் குழுவினரோடு ஒரு முறையை வெளியிட்டார்: எல்லா மடையும் வேலை செய்யட்டும், ஆனால் எந்த இரண்டும் ஒரே கணத்தில் திறக்க வேண்டாம், ஒன்று மூடியபின் அடுத்தது. அவ்வளவு எளிய மாறுதலால் பலருக்குப் பேச்சு முன்னைவிட மிகத் தெளிவாக விளங்கியது. கிளார்க், இங்கபோர்க் ஹொஃமைர், வில்சன் மூவரும் 2013இல் லாஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் ஒருமுறை ஒரு திசையிலும், உடனே அதே அளவு எதிர்த்திசையிலும் போகிறது. மின்னூட்டம் தேங்கிக் காதின் திசுக்களைக் கெடுக்காமலிருக்க இந்த ஏற்பாடு.

அறுவை முடிந்ததும் கேட்டுவிடும் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு மடைக்கும் "இலேசாகக் கேட்கிறது" என்ற கீழ் எல்லையும் "இதற்கு மேல் வேண்டாம்" என்ற மேல் எல்லையும் நிபுணர் அமர்ந்து குறிக்க வேண்டும். இருவர் காதுக்கு ஒரே எண்கள் பொருந்தா. பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. மூளை மொழியைக் கற்கும் வயது கடந்துவிட்டால் பலன் குறையும் என்பதால்தான் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். விலை பல இலட்ச ரூபாய். நம் நாட்டிலேயே குறைந்த செலவில் செய்யவேண்டும் என்று அப்துல் கலாம் அவர்கள் தூண்டியதன் பேரில் விசாகப்பட்டினத்துப் பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகம் ஒன்று அம்முயற்சியில் இறங்கியது.

அந்தச் சிறுமியிடம் எங்களில் இருவர் போய்ப் பேசினோம். முகத்துக்கு நேரே நின்று பேசினால் தடுமாற்றமின்றிப் பதில் சொல்கிறாள். கணக்கு வாய்பாட்டில் எங்களையே மடக்கினாள். வகுப்பில் எந்தச் சத்தம் பிடிக்காது என்று கேட்டோம். இடி, மைக், ஊதல் என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தோம். "பெஞ்சு இழுக்கிறது" என்றாள். இதற்கும் மடைக் கணக்கில் விளக்கம் இருக்கிறது. 22 மடைகளில் அவ்வப்போது உரத்து ஒலிக்கும் எட்டை மட்டும் தேர்ந்து, விநாடிக்கு 900 சுற்று அனுப்புவது ஒரு வழக்கமான அமைப்பு. சிமெண்டுத் தரையில் பெஞ்சு கிறீச்சிடும்போது அந்த எட்டு இடங்களையும் பெஞ்சே பிடித்துக்கொள்கிறது. ஆசிரியையின் குரலுக்கு மடை கிடைப்பதில்லை. நம் காதுகளுக்குப் பெஞ்சும் குரலும் சேர்ந்தே கேட்கும். நாம் ஒன்றை ஒதுக்கி மற்றதைக் கேட்டுக்கொள்கிறோம்.

மறுவாரம் சைக்கிள் கடையில் பழைய டியூப் நான்கு கேட்டு வாங்கி, துண்டு போட்டு, மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளின் கால்களில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். பன்னிரண்டு பெஞ்சு, நாற்பத்தெட்டுக் கால். ஆசிரியையின் நாற்காலிக்கு டியூப் போதவில்லை. அடுத்த மாதம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம்.